பரபரப்பின் நடுவே விசுவாசம்: இருபது நூற்றாண்டுகள் தந்த விடைகள்

வேலை நெருக்கும் காலத்தில் ஒரு கிறிஸ்தவரின் நாளிலிருந்து முதலில் நழுவுவது ஜெபம். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம், வீட்டில் கைக்குழந்தை, மருத்துவமனையில் படுத்திருக்கும் தகப்பன், பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, சபையில் கிறிஸ்துமஸ் ஏற்பாடு என்று ஏதோ ஒன்று வருகிறது. காலையில் வேதம் வாசித்த அரைமணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்குகிறது. பிறகு அதுவும் நின்றுபோகிறது. பின்னாலேயே குற்ற உணர்வு வருகிறது. நேரம் ஒதுக்குங்கள் என்ற அறிவுரை பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறது. ஒதுக்குவதற்கு நேரம் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

கைப்பேசி வந்த பிறகு பிறந்த பிரச்சினை என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது திருச்சபையின் வயதுடைய கேள்வி. எகிப்தின் பாலைவனத் துறவிகள் முதல் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலாளர் வரை இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த விடைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: கூட்டத்தை விட்டு விலகி நிற்பது, நாளைப் பகுத்து ஜெப வேளைகளைக் குறிப்பது, வேலையையே ஜெபமாக்குவது, சுமையைப் பலரோடு பங்கிட்டு ஓய்வது. ஒவ்வொன்றின் பலத்தையும் குறையையும் சீர்தூக்கி, இன்று நமக்கு எது உதவும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேதம் காட்டும் காட்சிகள்

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் ஒரு நாள் விவரிக்கப்படுகிறது. கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் போதனை, அங்கேயே அசுத்த ஆவி பிடித்தவனுக்கு விடுதலை, சீமோன் வீட்டில் அவன் மாமியின் காய்ச்சல் நீங்குதல், பொழுது சாய்ந்ததும் ஊரே வாசலில் வந்து கூடுதல். மறுநாள் இருட்டோடே அவர் எழுந்து, தனியான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். இயேசு கப்பர்நகூமுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்கிறார். இந்த முடிவைத்தான் நாம் கவனிக்க வேண்டும். காத்திருந்த கூட்டத்தின் தேவை உண்மையானது. ஆனாலும் அடுத்து எங்கே போவது என்பதைக் கூட்டம் முடிவு செய்யவில்லை, ஜெபம் முடிவு செய்தது.

ஆறாம் அதிகாரத்தில் வேறொரு நிலைமை. சாப்பிடவும் நேரமில்லாமல் களைத்த சீஷரைத் தனியான இடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்துப் போகிறார். ஜனங்கள் கரை வழியாக ஓடி முன்னாலேயே அங்கு சேர்ந்துவிடுகிறார்கள். அவர் எரிச்சல்படவில்லை, மனதுருகிப் போதிக்கிறார், உணவும் கொடுக்கிறார். கூட்டத்தை அனுப்பிவிட்ட பின் மலையேறி ஜெபிக்கிறார். ஓய்வு தள்ளிப்போயிற்று, ஆனால் கைவிடப்படவில்லை. குழந்தையின் அழுகையால் ஜெபத்தை நிறுத்தி எழுந்த தாய்க்கு இந்தப் பகுதி பெரிய ஆறுதல்.

யாத்திராகமம் 18-ல் மோசே காலை முதல் மாலை வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைக் கேட்கிறார். மாமனார் எத்திரோ அதைப் பார்த்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று நேராகவே சொல்லிவிடுகிறார். நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்பது அவர் கொடுத்த காரணம். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைக்கும் யோசனையும் அவருடையது. அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரிப்பை ஏழு பேரிடம் ஒப்படைத்ததிலும் இதே அறிவு தெரிகிறது. அதிகமாக ஜெபியும் என்று எத்திரோ சொல்லவில்லை என்பது முக்கியம். வேலையின் அமைப்பே தவறாக இருக்கும்போது அதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

எலியாவின் கதை இன்னும் ஆழமானது. கர்மேலில் வெற்றி பெற்ற மனிதர், யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, பெயெர்செபாவுக்கு அப்பால் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிடுகிறான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் உணவு தருகிறான். ஓரேப் மலையின் மெல்லிய சத்தம் அதற்குப் பிறகே வருகிறது. அங்கும் அவருக்குக் கிடைத்தது ஒரு துணை: தனக்குப் பின் எலிசாவை அபிஷேகம் செய்யும்படி கட்டளை. தூக்கம், சாப்பாடு, தேவசத்தம், உடன் ஊழியன் என்ற அந்த வரிசை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

பாலைவனமும் மணியோசையும்

முதல் வகை விடை விலகல். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தில் அந்தோணியார் தம் சொத்தைக் கொடுத்துவிட்டுத் தனிமைக்குப் போனார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் பாலைவனம் சென்றார்கள். ஆனால் பாலைவனத்திலும் சோர்வு விடவில்லை. அந்தோணியாரைப் பற்றிப் பாலைவனத் தந்தையரின் தொகுப்பு ஒரு நிகழ்வைச் சொல்கிறது. சிந்தனைகள் அலைக்கழித்து அவர் தவித்தபோது, தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதையும், எழுந்து ஜெபிப்பதையும், திரும்ப உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், மீண்டும் ஜெபிக்க எழுவதையும் கண்டார். வேலைக்கும் ஜெபத்துக்கும் மாறிமாறிப் போகும் அந்த ஒழுங்கே அவருக்கு வழியாயிற்று.

நான்காம் நூற்றாண்டில் அதே எகிப்தில் வாழ்ந்த எவாகிரியுஸ், துறவியை நடுப்பகலில் தாக்கும் சோர்வை நுட்பமாகப் பதிவு செய்தார். சூரியன் நகராததுபோல் தோன்றும். திரும்பத் திரும்ப ஜன்னலைப் பார்க்கச் சொல்லும். இருக்கும் இடத்தின் மேல் வெறுப்பு வரும். வேறு ஊரில் வேறு வேலை எளிதாக இருக்கும் என்று மனம் பேசும். படிக்கிற நமக்கு இது நேற்று எழுதியதுபோல் இருக்கிறது. வெளிப் பரபரப்பை விட்டு ஓடினாலும் உள்ளே இருக்கும் பரபரப்பு கூடவே வருகிறது என்று அனுபவத்தில் கண்டறிந்தவர்கள் இந்தத் துறவிகள். அவர்களிடம் பயின்று மார்செய் நகரில் குடியேறிய ஜான் காசியன், உதவிக்காகக் கடவுளைக் கூப்பிடும் எழுபதாம் சங்கீதத்தின் முதல் வரியை எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும்படி கற்பித்தார். நீண்ட ஜெபத்துக்கு மனம் ஒத்துழைக்காத வேளைக்கு ஒரு சிறு வாக்கியம் போதும் என்பது அங்கே பிறந்த பழக்கம்.

இரண்டாம் வகை விடையைச் செம்மையாக்கியவர் நூர்சியாவின் பெனடிக்ட். ஆறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ஒழுங்கு 73 அதிகாரங்கள் கொண்டது. பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை என்று ஜெபம் வகுக்கப்பட்டது. 150 சங்கீதங்களும் ஒரு வாரத்துக்குள் சொல்லி முடிக்கப்பட்டன. ஜெபத்துக்கான அழைப்புக் கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே விட்டு வர வேண்டும் என்பது விதி. கடுமையாகத் தெரியும் இந்த ஒழுங்குக்குள் எவ்வளவு கனிவு இருக்கிறது என்று பாருங்கள். தொலைவில் வேலை செய்பவர் ஆலயத்துக்கு ஓடி வர வேண்டியதில்லை. வேலை செய்யும் இடத்திலேயே முழங்காலிட்டுச் சொல்லலாம். சமையல் வேலை வாரமுறை. எல்லாரும் மாறிமாறிச் செய்ய வேண்டும். பலவீனமானவர்களுக்கு உதவியாள் தர வேண்டும், அவர்கள் மனச்சோர்வோடு வேலை செய்யக் கூடாது. ஜெப ஒழுங்கும் வேலைப் பங்கீடும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. பிற்காலத்தார் ஜெப வேளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பங்கீட்டை மறந்துவிட்டார்கள்.

பொறுப்பில் இருப்பவர்களின் தவிப்பு

மடத்தில் மணியடித்தால் எழுந்து போகலாம். ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்வார்? 590-ல் போப்பாக்கப்பட்ட பெரிய கிரகோரி அதற்கு முன் துறவி. ரோமில் அப்போது கொள்ளைநோய், வெள்ளம், லொம்பார்டியரின் படையெடுப்பு அச்சம். மடத்தின் அமைதியை இழந்ததைப் பற்றி அவர் மனம் நொந்து எழுதினார். ஆனாலும் அவரது மேய்ப்பர் கையேடு ஒரு சமநிலையைக் கோருகிறது: வெளி வேலைகளால் உள்ளத்தின் வாழ்வு குறையக் கூடாது, உள்ளத்தின் வாழ்வைக் காரணம் காட்டி வெளி வேலைகளைக் கைவிடவும் கூடாது. மோசே கூடாரத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்ததை அவர் சான்றாகக் காட்டினார்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கிளேர்வோவின் பெர்னார்டு இதே கவலையை இன்னும் கூர்மையாகச் சொன்னார். அவருடைய மடத்தில் இருந்த ஒரு துறவி 1145-ல் மூன்றாம் யூஜின் என்ற பெயரில் போப்பானார். காலை முதல் இரவு வரை வழக்குகளும் மனுக்களும். அவருக்காகப் பெர்னார்டு எழுதிய ஐந்து பாக நூல், வேலைப்பளு மனிதனின் இதயத்தைக் கடினமாக்கிவிடும் என்று எச்சரிக்கிறது. கடினமாகிவிட்ட இதயத்துக்குத் தான் கடினமாகிவிட்டது என்பதே தெரியாது என்பதுதான் அவர் கண்ட ஆபத்து. எல்லாருக்கும் உம்மைக் கொடுக்கிறீர், அந்த எல்லாருக்குள் உம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும் என்பது அவருடைய அறிவுரையின் சாரம். இதைத் தன்னலம் என்று தள்ளிவிட முடியாது. அகந்தையும் அலட்சியமும் வேலையின் பெயரால் உள்ளே நுழைவதைப் பார்த்தவரின் எச்சரிக்கை அது. சபைப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த நூலின் செய்தியை ஆண்டுக்கு ஒரு முறையாவது நினைத்துப் பார்ப்பது நல்லது.

முடிதிருத்துபவரும் சமையற்காரரும்

சீர்திருத்தக் காலத்தில் கேள்வி சாதாரண விசுவாசியின் வீட்டுக்கு வந்தது. 1535-ல் மார்ட்டின் லூத்தர், விட்டன்பெர்க் நகரில் தமக்கு முடிதிருத்தும் பீட்டர் என்பவருக்காக, எப்படி ஜெபிப்பது என்று ஒரு சிறு நூல் எழுதினார். காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும். இதை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். அந்த ஒரு மணி நாள் முழுவதையும் விழுங்கிவிடும் என்பது அவர் அனுபவம். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சிந்தித்து ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார். உள்ளம் ஒன்றில் பற்றிக்கொண்டால் மற்றதை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். புதிய சொற்களைத் தேட வலுவில்லாதவருக்கு, மனப்பாடமாகத் தெரிந்ததே கைத்தாங்கல் என்பதை இந்த மேதை அறிந்திருந்தார். 1530-ல் கோபர்க் கோட்டையில் அவரோடு இருந்த வெய்ட் டீட்ரிக், லூத்தர் தினமும் மூன்று மணி நேரம் ஜெபித்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த லூத்தர் தம் முடிதிருத்துபவரிடம் மூன்று மணி நேரம் கேட்கவில்லை என்பதே இங்கே பாடம்.

கத்தோலிக்கத் தரப்பில் பிரான்சிஸ் சலேசியார் 1609-ல் வெளியிட்ட பக்தி வாழ்வுக்கான முன்னுரை நூல் இதே வழியில் போகிறது. பக்தியைப் போர்வீரனின் பாசறையிலிருந்தும் தொழிலாளியின் பட்டறையிலிருந்தும் குடும்பத்தாரின் வீட்டிலிருந்தும் விரட்டுவது தவறு என்றார். ஒவ்வொருவரின் பக்தியும் அவரவர் வலுவுக்கும் கடமைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். ஆயரும் துறவியும் ஒரே விதமாக ஜெபிக்க முடியாது என்பது அவர் கருத்து. இக்னேஷியஸ் லொயோலா தம் சபையினருக்கு, கூடிப் பாடும் ஜெப வேளைகளை விதிக்கவில்லை; அவர்கள் ஊர் ஊராகப் போக வேண்டியவர்கள். அதற்குப் பதில் நாளைப் பின்னோக்கிப் பார்க்கும் ஆத்தும ஆய்வை நாள்தோறும் இரு வேளை செய்யச் சொன்னார். எங்கே கடவுளின் கொடையைக் கண்டேன், எங்கே தவறினேன், இனி என்ன என்று கேட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

மூன்றாம் வகை விடைக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது சகோதரர் லாரன்ஸ். போர்வீரராக இருந்து, 1640-ல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் சமையலறையில் வேலை செய்து, பின்பு செருப்புத் தைத்தவர். 1691-ல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டன. ஜெப வேளைக்கும் வேலை வேளைக்கும் தமக்கு வேறுபாடு இல்லை, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளின் பிரசன்னத்தில் இருக்கிறேன் என்பது அவர் சாட்சி. இதைப் படித்துவிட்டு, தனி ஜெபம் தேவையில்லை, வேலையே ஜெபம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. லாரன்ஸ் நின்றது மடத்துச் சமையலறை. அந்த வீட்டில் நாள்தோறும் மணியடித்தது. சகோதரர்கள் கூடி ஜெபித்தார்கள். அவரும் அதில் ஒருவர். மேலும், இந்தப் பழக்கம் தமக்கு எளிதில் வரவில்லை, ஆண்டுகள் பல போராடினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். குறித்த வேளையில் ஜெபித்துப் பழகிய மனம்தான் வேலையின் நடுவே ஜெபிக்கிறது. அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது.

முத்துக்குளித்துறையில் சவேரியார்

தமிழ்க் கரைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1542-ல் கோவாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்து முதலில் எழுதிய கடிதத்தில், சிறுவர்கள் ஜெபங்களைக் கற்றுத்தரும்படி சூழ்ந்துகொண்டதால், தமக்குரிய ஜெப வேளையைச் சொல்லவோ சாப்பிடவோ தூங்கவோ முடியவில்லை என்கிறார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதியபோது, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்ததையும், தமிழில் விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் சொல்லிச் சொல்லிக் குரல் போனதையும் குறிப்பிட்டார்.

அந்த நெருக்கடியில் அவர் செய்ததுதான் முக்கியம். ஜெபங்களைத் தமிழில் எழுதிச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். அந்தச் சிறுவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பி ஜெபிக்கச் செய்தார். ஒவ்வொரு ஊரிலும் ஜெபத்தை நடத்த ஒருவரை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். எத்திரோவின் யோசனை மணல் கரையில் நடைமுறையானது. மணப்பாட்டில் கடலோரக் குகை ஒன்றில் அவர் தங்கி ஜெபித்தார் என்பது அவ்வூர் மரபு. கடற்கரை ஊர்களில் இன்றும் உபதேசியார் என்ற பொறுப்பு மதிக்கப்படுவதற்கு, ஒருவரே எல்லாம் செய்ய முடியாது என்ற அந்தப் பழைய அறிவு ஒரு காரணம்.

வீட்டைச் சுமப்பவர்கள்

இதுவரை சொன்னவர்களில் பெரும்பாலோர் திருமணம் செய்யாத ஆண்கள். பக்தி நூல்களை எழுதியவர்களில் கைக்குழந்தையோடு இரவு விழித்தவர்கள், படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் துடைத்தவர்கள் மிகக் குறைவு. இந்த மரபின் பெரிய குறை இதுதான். அதிகாலை நான்கு மணி ஜெபத்தை உயர்ந்த அளவுகோலாக வைக்கும்போது, அந்த நேரத்தில்தான் கண்ணயர்ந்த தாயை நாம் எந்தத் தட்டில் நிறுத்துகிறோம்?

சுசன்னா வெஸ்லி அந்த வெற்றிடத்தில் நிற்கும் ஒரு பெயர். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஒன்பது பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். கணவர் கடனுக்காகச் சிறை போனார். 1709-ல் எப்வொர்த் வீடு எரிந்துபோனது. பிள்ளைகள் நிறைந்த அறையில் மேலாடையைத் தலைமேல் போட்டுக்கொண்டு அவர் ஜெபிப்பார், அப்போது யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்பது மெதடிஸ்டு சபைகள் வழிவழியாகச் சொல்லி வருவது. உறுதியாகத் தெரிந்தது இன்னொன்று: வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் குறித்த பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அவர்களோடு தனியாகப் பேசினார். மகன் ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அவர் அந்த வியாழன் மாலைகளைக் கடிதத்தில் நினைவுகூர்ந்தார். அந்த ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டு இயக்கத்தில் 1742 முதல் பன்னிரண்டு பேர் அளவிலான சிறு குழுக்கள் வாரந்தோறும் கூடி ஒருவரை ஒருவர் விசாரித்தன. சுரங்கத்திலும் பட்டறையிலும் உழைத்தவர்களின் விசுவாசத்தைத் தாங்கிய தூண்களில் இந்தக் குழுக்கள் முக்கியமானவை.

நம் வீடுகளின் குடும்ப ஜெபத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம், கர்த்தருடைய ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. களைத்துப்போனவர் பேச வேண்டியதில்லை; உட்கார்ந்திருந்தால் போதும், மற்றவர்கள் சொல்வார்கள். தனி ஜெபத்தில் கிடைக்காத ஆதரவு இது. ஆளுக்கொரு நேரத்தில் வீடு திரும்பும் இக்காலத்தில் குடும்ப ஜெபம் குறைந்துபோனது நாம் நினைப்பதைவிடப் பெரிய இழப்பு.

ஓய்வுநாள் என்ற சட்டம்

நான்காம் வகை விடை ஓய்வு. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளுக்கு இரண்டு காரணங்கள் தரப்படுகின்றன. யாத்திராகமம் படைப்பைச் சொல்கிறது. உபாகமம் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவுபடுத்துகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும் அன்னியனும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே ஓய்வை நம் தனிப்பட்ட பக்தியோடு நிறுத்திவிட முடியாது. நமக்காக உழைப்பவர்களின் உரிமையாகவும் அது கொடுக்கப்பட்டது.

வரலாறும் இதை உறுதி செய்கிறது. 321-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்தார். விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793-ல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. சோவியத் ஒன்றியம் 1929-ல் தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி ஆளுக்கொரு ஓய்வுநாள் கொடுத்தது. ஒரே குடும்பத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு நாள் வந்தது. ஓய்வு இருந்தது, சேர்ந்திருக்கும் ஓய்வு இல்லை. 1940-ல் ஞாயிறு திரும்ப வந்தது. இந்தியாவில் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890 ஜூன் 10-ல். அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே.

இன்று மருத்துவமனை, காவல்துறை, மின்வாரியம், மென்பொருள் நிறுவனம், உணவு விநியோகம் ஆகிய துறைகளில் ஷிப்டில் உழைக்கும் விசுவாசிகளுக்கு ஞாயிறு ஆராதனை எட்டாததாகிறது. ஆலயத்துக்கு வராதவர் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்ப்பது சபையின் வேலை ஆகாது. வாரநாள் ஆராதனை, வீட்டுக்கே போகும் திருவிருந்து, இரவுப் பணி முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரத்தில் ஒரு சிறு கூட்டம் என்று சபை இறங்கி வர வேண்டும். தொலைவில் உழைப்பவர் நிற்கும் இடத்திலேயே முழங்காலிடட்டும் என்று பெனடிக்ட் சொன்னபோது அவர் ஒழுங்கைத் தளர்த்தவில்லை, காப்பாற்றினார்.

சோர்வா, அவிசுவாசமா?

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் இந்த ஆய்வுக்கு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கொடுத்தது. 1974-ல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பிறருக்கு உதவும் பணிகளில் இருப்போர் வெந்து தீர்ந்துபோவதைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் கருவியை 1981-ல் வெளியிட்டார்: உணர்ச்சி வறட்சி, மனிதர்கள் மேல் பற்றின்மை, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைப் பணிச்சூழல் சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது, நோயாக வகைப்படுத்தவில்லை. மன அழுத்த நோய் வேறு. அதற்கு மருத்துவரும் சிகிச்சையும் தேவை.

சபைகளில் சோர்வு, நோய், அவிசுவாசம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே பார்க்கப்படுகின்றன. தூக்கமின்மையால் வந்த வறட்சியையும், நோயால் வந்த இருளையும், கடவுளை விட்டு விலகிய மனதையும் பின்மாற்றம் என்ற ஒரே பெயரில் அழைத்தால், களைத்தவர் மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறோம். எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை, உணவு கொடுத்தான். நாட்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், சாவைப் பற்றிய நினைவு வருகிறவரை உபவாசத்துக்கு அனுப்புவது தவறு. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதும் விசுவாசத்தின் செயல்.

இருபதாம் நூற்றாண்டின் சாட்சிகள்

ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டு குருமடத்தை நடத்தினார். நாசி அரசின் ரகசியக் காவல்துறை அதை மூடியது. ஒரே சிறு வேதப்பகுதியை ஒரு வாரம் முழுவதும் தினமும் அரைமணி தியானிக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பின்பு சிறையில் அடைக்கப்பட்டபோது அவருக்கு உதவியாக இருந்தவற்றில் ஹெர்ன்ஹூட் சகோதரர்களின் தினவசன நூலும் ஒன்று. அது 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது. 1945 ஏப்ரல் 9-ல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

1953 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷோல்டு, போர்களுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் நடுவே தம் தியானக் குறிப்புகளை எழுதிவந்தார். 1961-ல் விமான விபத்தில் இறந்த பிறகே அவை வெளியாயின. ஐ.நா. தலைமையகத்தின் அமைதி அறையைத் தாமே அக்கறையோடு வடிவமைக்கச் செய்து 1957-ல் திறந்தார். கொல்கத்தாவில் அன்னை தெரேசாவின் சகோதரிகள், ஏழைகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போன 1973-ல், தினமும் ஒரு மணி நேர ஆராதனையைத் தங்கள் ஒழுங்கில் சேர்த்தார்கள். வேலை கூடும்போது ஜெபத்தைக் குறைப்பதே வழக்கம், அவர்கள் கூட்டினார்கள்.

தமிழ்நாட்டில் 1921-ல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில், மருத்துவப் பணியும் கூட்டு ஜெபமும் ஒரே வளாகத்தில் நடந்தன. இருவரும் மருத்துவர்கள். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து காயப்பட்டு, 1951-ல் மறையும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அவர் உருவாக்கிய கூட்டுறவு பணியைத் தொடர்ந்தது. அவர் எழுதினார், ஜெபித்தார். ஓடிய காலத்தில் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருந்ததால் நின்ற காலத்திலும் பணி நிற்கவில்லை.

திரண்ட முடிவு

விலகல், நேரப் பகுப்பு, வேலையில் ஜெபம், பங்கீடும் ஓய்வும் ஆகிய நான்கில் எதுவும் தனியாக நிற்கவில்லை. விலகிப் போனவர்கள் வேலையைக் கூடவே எடுத்துப் போனார்கள். வேலையில் ஜெபித்தவர்கள் குறித்த வேளையில் ஜெபித்தவர்கள். குறித்த வேளையைக் காத்தவர்களுக்குச் சுமையைப் பகிரும் சகோதரர்கள் இருந்தார்கள். நெருக்கடியான காலத்தில் விசுவாசத்தைத் தாங்குவது தனிமனிதனின் மனவுறுதி என்று நாம் நினைக்கிறோம். இந்த நீண்ட வரலாறு வேறொன்றைச் சொல்கிறது: முன்கூட்டியே பழகிய ஒரு சிறு ஒழுங்கும், அதை நம்மோடு சேர்ந்து காக்கும் சில மனிதர்களுமே தாங்குகிறார்கள்.

ஆகவே நெருக்கடி வரும் முன்பே சிலவற்றைத் தீர்மானித்துவிடுவது நல்லது. காலையிலும் இரவிலும் தவறாமல் சொல்லக்கூடிய ஒரு சிறு ஜெபம். மனப்பாடமாகத் தெரிந்த ஓரிரண்டு சங்கீதங்கள். நாள் முடிவில் சில நிமிட ஆத்தும ஆய்வு. வாரத்தில் உண்மையான ஓய்வு. நம்மை விசாரிக்கும் உரிமை கொடுத்து வைத்திருக்கும் ஒரு நண்பர். இவற்றோடு, எடுத்துக்கொண்ட வேலைகளில் எது நம்முடையதே இல்லை என்று எத்திரோவைப் போலக் கேட்கும் துணிவும் வேண்டும்.

இப்போது நெருக்கடியின் நடுவில் இருக்கிறவரிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு. விட்டுப்போன நாட்களைக் கணக்குப் பார்த்து வருந்த வேண்டாம். சாப்பிடுங்கள், தூங்குங்கள், கர்த்தருடைய ஜெபத்தை ஒரு முறை சொல்லுங்கள், சபையில் ஒருவரிடம் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். சபையாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஆராதனைக்கு வராமல்போன அந்தக் குடும்பத்தை ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், ஒரு வேளைச் சாப்பாட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.